கடைசி வரிசையும் ஒரு பிளக்கும்

“பேசி முடிவு பண்ணிச் சொல்லுங்க சார். குடும்பத்துக்கு ஒரே பதில்தான். பதினஞ்சு நிமிஷத்துல வரேன்” என்று சொல்லிவிட்டு, கருத்துக் கேட்டு எழுதிக்கொள்கிற நஸ்ரீன் மேடம் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சாத்தினால் கார்க் கதவுச் சத்தம் வர வேண்டும். வரவில்லை. அட்டைப் பெட்டி மூடுகிற மாதிரி ஒரு சத்தம்தான் வந்தது. இது கார் இல்லை, கார் மாதிரி ஒன்று என்பது லோகேஸ்வரிக்கு அப்போதுதான் உறைத்தது. சீட்டு நிஜம், ஸ்டீயரிங் நிஜம், வெளியே பெயின்ட் பளபளப்பு நிஜம். எஞ்சின் கிடையாது, சக்கரம் உருளாது, கம்பெனிப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு டேப். பூந்தமல்லி தாண்டி ஏதோ ஒரு ஓட்டல், அதில் கல்யாணம் நடக்கிற ஹால், மேடையில் யாரோ ஒரு ஜோடியின் பேர் வெட்டி ஒட்டிய தெர்மக்கோல் பாதி பிய்ந்து தொங்குகிறது, அதற்குக் கீழே இன்னும் கடைக்கே வராத இந்த வண்டி. கம்பெனி கூப்பிட்ட குடும்பங்களில் ஒன்றாக இதைப் பற்றிக் கருத்துச் சொல்லத்தான் ஆற்காட்டிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பி வந்திருக்கிறார்கள், அவளும் அவள் அப்பா ஏகாம்பரமும். அப்பா டிரைவர் சீட்டில். அவள் கடைசி வரிசையில். நடுவில் ஒரு வரிசை முழுசாகக் காலி. எங்கே உட்காரணும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. கால் அதுபாட்டுக்கு நடு சீட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டது, முட்டி தாடைக்குக் கிட்டே வந்து நிற்கிற வரைக்கும் யோசிக்கவே இல்லை. பதினெட்டு வயசு. இந்த இடத்துக்கு அவள் இப்போது நீளம். பேசி முடிவு பண்ணணுமாம். அப்பாவின் பின்கழுத்து தெரிகிறது, காலர் ஓரம் சலூன்காரர் விட்டுவிட்ட நாலு நரை முடி தெரிகிறது. பேசப்போகிற கழுத்தாகத் தெரியவில்லை.

கேள்வி ஒன்றும் பெரிய கேள்வி இல்லை. இந்த வண்டி பெட்ரோலில் ஓடும், ஓட ஓடத் தானே கொஞ்சம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு கரண்டிலும் ஓடும், ஏழு பேர் தாராளமாக உட்காரலாம். இதிலேயே, வீட்டுப் பிளக்கில் சொருகிச் சார்ஜ் போடுகிற மாதிரி இன்னொரு மாடல் வரணுமா வேண்டாமா. அவ்வளவுதான். வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே, வேணும்கிறவன் வாங்குவான், வேணாம்கிறவன் விடுவான், இதற்கு எதற்கு ஹால் பிடித்து, பொம்மை வண்டி செய்து, வாசலிலேயே செல்போனைப் பிடுங்கி நம்பர் போட்ட பையில் போட்டு என்றுதான் முதலில் எரிச்சல் வந்தது. அப்புறம் நஸ்ரீன் மேடம் அந்த ஒரு விஷயத்தைச் சொன்னார். “பிளக் மாடல்னா பேட்டரி பெருசா வரும் பாப்பா. அதை வைக்க இடம் வேணும்ல? கடைசி வரிசை இருக்காது. அஞ்சு சீட்டுதான்.” சொல்லும்போதே லோகேஸ்வரி உட்கார்ந்திருந்த சீட்டைக் கையால் லேசாகத் தட்டிக் காட்டினார், நீ உட்கார்ந்திருக்கியே, இதான் போகும் என்கிற மாதிரி. அப்பா உடனே, “அதெப்டிங்க, நாங்க ஏழு பேரு” என்றார். மேடம் கையிலிருந்த படிவத்தைப் பார்த்து, “ஆமா சார், ஏழுன்னுதான் எழுதியிருக்கீங்க” என்று சிரித்தார். ஏழு. அங்கேதான் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்கிறது.

ஏழு என்று எப்படி எழுதினார்? அவள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பேர், ஊர், தொழில்: டைல்ஸ் கடை, வீட்டில் வசிப்பவர்கள்: ஏழு. பேனா கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. டைல்ஸ் கடையில் ஒரு ரூமுக்கு எத்தனை பெட்டி வேணும் என்று கண்ணாலேயே அளந்து சொல்கிற மனுஷன். ஒரு பெட்டி கூடாது, குறையாது. அந்த ஆள் வீட்டில் எத்தனை பேர் என்று எண்ணத் தெரியாமலா இருப்பார்? எண்ணிப் பார். அக்கா மஸ்கட்டில். அண்ணன் டொரண்டோவில். சித்தப்பாவும் சித்தியும் வாலாஜாவில் தனி வீடு பார்த்துப் போய் நாலு வருஷம், சண்டைகூட இல்லை, இடம் பத்தலை என்றார்கள், அவர்கள் போனதும் இடம் வந்துவிட்டது, அதற்கப்புறம் வந்துகொண்டே இருந்தது. அம்மா அக்காவின் முதல் பிரசவத்துக்கு மூணு மாசம் என்று சொல்லி மஸ்கட் போனாள். மூணு ஆறாச்சு. திரும்பி வந்து இருபது நாள் இருந்தாள், அந்த இருபது நாளும் பெட்டியைப் பிரித்துத் துணியை அடுக்கவே இல்லை. அப்புறம் அண்ணிக்குப் பிரசவம், டொரண்டோ. இப்போது மறுபடியும் மஸ்கட், அக்காவுக்கு ரெண்டாவது. யாரும் செத்துப்போகவில்லை. அதுதான் தொல்லை. செத்துப்போயிருந்தால் படம் மாட்டி, மாலை போட்டு, ஒருத்தர் குறைவு என்று எழுதிவிடலாம். எல்லாரும் இருக்கிறார்கள், நல்லா இருக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையானால் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள் வருகிறார்கள், அம்மா நெற்றி மட்டும் தெரிய, “லோகு சாப்ட்டியா, அப்பா மாத்திரை போட்டாரா” என்கிறாள், பின்னால் குழந்தை வீல் என்று கத்துகிறது, வெச்சிடறேன் வெச்சிடறேன். இதில் யாரைக் கழிப்பது? அப்பா பொய் எழுதினாரா, இல்லை நிஜமாகவே அவருக்கு இன்னும் ஏழுதானா? பொய் என்றால் பரவாயில்லை. பொய்யைப் பிடித்துவிடலாம். பொய் இல்லை என்றால்தான் பயமாக இருக்கிறது.

முட்டியை மாற்றி வைத்தாள். குர்தா பாக்கெட்டில் காகிதம் முறுமுறுத்தது. போனைப் பிடுங்கினார்கள், பையைப் பிடுங்கினார்கள், பாக்கெட்டைப் பார்க்கவில்லை. நாலாக மடித்த காகிதம், வேலைக்கு வரச் சொல்லி. செல்போன் செய்கிற கம்பெனி, ஓசூர், ஹாஸ்டல், யூனிஃபார்ம், திங்கட்கிழமை காலை வேலூரிலிருந்து பஸ். இன்றைக்குச் சனி. காகிதம் வந்து பதினோரு நாள் ஆகிறது. பதினோரு நாளும் இன்னிக்குச் சொல்லிடணும் என்று எழுந்தாள், அப்பா தோசை திருப்பிக்கொண்டிருப்பார், அல்லது சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார், அல்லது சும்மா உட்கார்ந்திருப்பார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது சொல்வதுதான் ரொம்பக் கஷ்டம். காலேஜில் பி.காம் ஃபாரம் வாங்கி வந்து டி.வி. மேல் வைத்திருக்கிறார். அவளுக்குப் படிப்பு வராது. வராது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது? ப்ளஸ் டூவில் அறுநூற்றுக்கு முந்நூற்று எழுபத்தொன்று மார்க். புத்தகத்தைத் திறந்தால் கொட்டாவி வருகிறது. படித்த ரெண்டு பேரும் எங்கே போனார்கள் என்றும் பார்த்தாயிற்று. வேலூர் செலக்‌ஷனில் ஒரு தட்டு நிறைய எள்ளுப் பருமனில் ஸ்க்ரூவைக் கொட்டி, இடுக்கியால் எடுத்து அடுக்கச் சொன்னார்கள். ஒரு நிமிஷத்தில் நாற்பத்திரண்டு. நின்று பார்த்த ஆள், “கை நல்லா இருக்கே உனக்கு” என்றார். அவ்வளவுதான் சொன்னார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தும் கையையே பார்த்துக்கொண்டு வந்தாள். அந்தக் கம்பெனி ஃபாரத்தில் பெற்றோர் நம்பர் என்று ஒரு கட்டம். கடைசி நம்பரை மாற்றிப் போட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. போடவில்லை. அப்பா நம்பரைச் சரியாகவே எழுதினாள். கூப்பிடட்டும், அவர்களே சொல்லட்டும், தான் சொல்கிற வேலை மிச்சம் என்று. ஆனால் யாரும் கூப்பிட்ட மாதிரித் தெரியவில்லை. கூப்பிட்டிருந்தால் அப்பா இப்படியா இருப்பார்? வீட்டை ரெண்டாக்கியிருக்க மாட்டாரா? மாட்டார். யாரோடு சண்டை போட்டு ரெண்டாக்குவது, இருப்பதே ரெண்டு பேர். ரெண்டில் ஒன்று போனால் ஒன்று. இதற்குக் கணக்குப் படித்திருக்க வேண்டாம்.

கண்ணாடியைப் பார்த்தாள். முன்னால் நடுவில் தொங்குகிற சின்னக் கண்ணாடி. அதில் அப்பாவின் முகம் தெரியணும். தெரியவில்லை. அது கண்ணாடியே இல்லை, கண்ணாடி இருக்க வேண்டிய சட்டத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பிளாஸ்டிக் தகடு. சே. ஏழு சீட்டு, ஸ்டீயரிங், இத்தனை செய்தவர்களுக்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டத் தெரியாதா? வீட்டு வண்டியில், அதே ஏழு சீட்டு வண்டி, வெளியே பார்க்கிங்கில் வெயிலில் நிற்கிறதே அதில், கடைசி வரிசை அவளுடையது. எப்போதும். சின்னவள் பின்னால் போ. அம்மா முன்னால், அக்காவும் அண்ணனும் சித்தியும் நடுவில், பின்னால் அவளும் சித்தப்பாவும். சித்தப்பா ஏறினதும் தூங்கிவிடுவார், அவரோடு சித்தியின் பை, முறுக்கு டின், வாந்திக்கு ஒரு கவர். ஏலகிரி மலையில் வளைவுக்கு வளைவு வயிறு புரளும். முன்னால் எல்லாரும் என்னவோ சொல்லிச் சிரிப்பார்கள், அது பின்னால் வந்து சேருவதற்குள் சிரிப்பு மட்டும்தான் மிச்சம் இருக்கும், எதற்கு என்று தெரியாமல் அவளும் சிரிப்பாள். அப்போது அந்தக் கண்ணாடியில் அப்பாவின் ரெண்டு கண்ணு மட்டும் தெரியும். “லோகு, உசுரோட கீறியா?” ஒவ்வொரு டோல்கேட்டிலும் கேட்பார். அவள் கையைத் தூக்கிக் காட்டணும். தூக்கினால் ஒரு புருவம் மேலே போகும், அப்புறம்தான் வண்டி கிளம்பும். ஒரு தடவை வேண்டுமென்றே தூக்காமல் இருந்தாள். டோல்கேட்டில் பின்னால் பத்து வண்டி ஹாரன் அடிக்க, அப்பா வண்டியை எடுக்கவே இல்லை. அம்மா திட்டினாள், அண்ணன் தலையில் தட்டினான், அப்பா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வண்டியில் இப்போது பின்சீட்டு மடங்கியே கிடக்கிறது. அதன்மேல் டைல்ஸ் சாம்பிள் பெட்டி. அவள் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தாள், ஆற்காட்டிலிருந்து இங்கே வரைக்கும். பக்கத்திலேயே. பக்கத்தில் உட்கார்ந்தால் முகத்தைத் திருப்பித்தான் பார்க்கணும். திருப்பவில்லை.

பிளக் வண்டி யாருக்கு என்று யோசித்தால், அது அப்பாவுக்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. இதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. பிளக் என்றால் என்ன, சாயங்காலம் ஆனால் புறப்பட்ட அதே சுவருக்குத் திரும்பி வந்து சொருகிக்கொண்டு நிற்கிறவர்களுக்கு. வீட்டிலிருந்து கடை மூணு கிலோமீட்டர். போக வர ஆறு. ஒரு சார்ஜுக்கு அறுபது என்றார் மேடம். பத்து நாளைக்கு ஒரு தரம் சொருகினால் போதும். போர்டிகோவில் வாஷிங் மெஷினுக்குப் பக்கத்தில் பெரிய பிளக் பாயின்ட் இருக்கிறது, மெஷினைப் பிடுங்கிவிட்டு வண்டியைச் சொருகலாம், ஒரு ஆள் துணிக்கு மெஷின் எத்தனை தரம் ஓடப்போகிறது? பெட்ரோல் பங்குக்கே போக வேண்டாம். பங்கில் ஒரு ஆள் இருக்கிறார், “இன்னாண்ணே, அண்ணி வந்துட்டாங்களா?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். அப்பா ஒவ்வொரு தடவையும், “அடுத்த மாசம்பா” என்பார். அந்தப் பேச்சும் இல்லாமல் போகும். கடையில் எட்டு மணிக்கு ஷட்டர் இறக்கினால் வீடு, வீட்டில் டி.வி., டி.வி.யில் யாராவது தப்பாகப் பேசினால், “அட போய்யா” என்பார், இப்போது அதற்கு அவள் உள்ளேயிருந்து, “யாருப்பா?” என்று கேட்கிறாள், கேட்க ஆள் இல்லாவிட்டால் அட போய்யா என்று சொல்வாரா மாட்டாரா? குளிக்கப் போனால் உள்ளே தாழ்ப்பாள் போடுகிற பழக்கம். வீட்டில் யாருமே இல்லாவிட்டாலும் போடுவார். வழுக்கினால்? தன் கடை டைல்ஸ்தான், நல்லா பளபளவென்று பார்த்து எடுத்துப் போட்டது. யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்குப் போயிருந்தால்? போன் அடித்துக்கொண்டே இருக்கும், சர்க்கரை டப்பாவில் சாய்ந்தபடி. போதும். நிறுத்து. ஓசூரில் நாற்பதாயிரம் பொண்ணுங்க இருக்கும், எல்லாருக்கும் அப்பா இருப்பார், எல்லா அப்பாவும் குளிப்பார். வண்டி பிளக்கில் நிற்கும், போன் பிளக்கில் கிடக்கும், அப்பா நடுவில். இந்தப் படம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. சரி, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். அப்பா சொன்ன மாதிரி, ஏழு சீட்டே இருக்கட்டும் என்று கையெழுத்துப் போட்டுவிடலாம். போட்டால் என்ன ஆகும்? ஆறு காலி சீட்டைத் தினமும் கடைக்கு ஓட்டிக்கொண்டு போய் ஓட்டிக்கொண்டு வருவார். இது அதைவிட மோசம்.

அப்பா ஹாரனை அமுக்கினார். சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கினார்.

“டம்மிப்பா அது.”

“ம்.” ஹாரனிலிருந்து கையை எடுத்து, “பசிக்குதா?”

“இல்ல.”

“வர்ற வழியில காவேரிப்பாக்கத்துல நிறுத்தியிருக்கலாம்.”

“பசிக்கலப்பா.”

பேசி முடிவு பண்ணியது அவ்வளவுதான். இப்போது சொல்லு. முகம் தெரியாமல் சொல்வதற்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது, கழுத்திடம் சொல்லு. சொல்லித் தொலை. வாயைத் திறந்தாள், ஆப்பம் வாங்கணும், மாத்திரை வாங்கணும் என்கிற மாதிரி சாதாரணமாக வரணும் என்று திறந்தாள், அதற்குள் அந்த அட்டைப் பெட்டிச் சத்தம். கதவு திறந்தது.

“முடிவாச்சா சார்?”

“வேணாங்க” என்றார் அப்பா. “பிளக்கெல்லாம் வேணாம். ஏழு சீட்டு வண்டியே இருக்கட்டும்.”

“பாப்பாவும் அதேதானா? ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும்.” நஸ்ரீன் மேடம் நடு வரிசையில் ஏறி உட்கார்ந்து, பின்னால் கையை நீட்டிப் படிவம் செருகிய அட்டையையும் பேனாவையும் கொடுத்தார். மேலேயே இருந்தது, அப்பாவின் கையெழுத்தில், கோணாமல் நிமிர்ந்து, ஏழு. அதற்குக் கீழே கையெழுத்துப் போட வேண்டும். ஒரு செகண்ட் வேலை. பேனாவை வைத்தாள். எடுத்தாள்.

“ஏழு இல்ல மேடம்” என்றாள். குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது, கூரை தாழ்ந்த வண்டிக்குள் அது போக இடமில்லாமல் நின்றது. “நாங்க ரெண்டு பேருதான். திங்கக்கெழமைலருந்து ஒருத்தரு. எனக்கு வேலை கெடச்சிருக்கு. ஹாஸ்டல்ல தங்கணும். அவரு கடைக்குப் போயி வீட்டுக்கு வரணும், அவ்ளோதான். அவருக்குப் பிளக்கு வண்டியே போதும். பின்னால உக்கார ஆள் இல்ல.”

நஸ்ரீன் மேடத்தின் கை நீட்டியபடியே இருந்தது. அப்பாவின் கழுத்து அசையவில்லை. ஹாலில் யாரோ நாற்காலிகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற சத்தம். நாலு, அஞ்சு, ஆறு என்று லோகேஸ்வரி எண்ணினாள்.

“சார்... அப்ப நான் என்னன்னு போடட்டும்?”

“ஒரு தரம் சார்ஜ் போட்டா எவ்ளோ தூரம் போவும்னீங்க?” என்றார் அப்பா.

“அறுபது சார். அப்புறம் பெட்ரோல்ல ஓடும். நிக்காது.”

“அறுபதுன்னா பள்ளிகொண்டா டோல்கேட்டு தாண்டிடும். ஆம்பூர் வராது.” கை ஸ்டீயரிங்கில் ஒவ்வொரு விரலாக மடங்கியது. “அங்கருந்து ஓசூர் இன்னும் நூத்தி முப்பது. அது பெட்ரோல்ல போய்க்கலாம்.”

தான் சொன்னதை லோகேஸ்வரி மனசுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். வேலை என்றாள். ஹாஸ்டல் என்றாள். திங்கட்கிழமை என்றாள். ஓசூர் என்று சொல்லவில்லை.

“போன வாரமே போன் பண்ணாங்க” என்றார் அப்பா, நஸ்ரீன் மேடத்திடம் சொல்கிற மாதிரி, யார் பக்கமும் திரும்பாமல். “பொண்ண அனுப்பச் சம்மதமான்னாங்க. சம்மதம்னேன். இவளா வாயைத் தொறந்து சொல்லட்டும்னு இருந்தேன்.”

நஸ்ரீன் மேடம் வாசல் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பாவம், அவருக்கு வெளியே இன்னொரு குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. “அப்ப பிளக் மாடல் வேணும்னு போட்டுக்கட்டுமா சார்?”

“போடுங்க. தெனம் கடைக்குப் போவ எனக்கு அது போதும். ஆனா பின்சீட்டை எடுக்கக் கூடாது. அதையும் எழுதுங்க.”

“ரெண்டும் சேந்து வராது சார். பேட்டரி அங்கதானே...”

“பேட்டரிய வேற எங்கனா வெக்கச் சொல்லுங்க. இத்தினி பேரு படிச்சவங்க கீறாங்க இல்ல.”

“இதுல ஒண்ணுதான் டிக் பண்ண முடியும்.”

“கீழ கோடு போட்டு எடம் விட்டிருக்கீங்களே.”

“அது மத்த கருத்துக்கு சார்.”

“இதுவும் மத்த கருத்துதாம்மா.”

நஸ்ரீன் மேடம் அட்டையை வாங்கி முட்டியில் வைத்து எழுதினார். எழுதி முடித்துவிட்டு, மேலே விரல் வைத்து, “இந்த ஏழுங்கறதை ரெண்டுன்னு மாத்திடட்டுமா சார்?” என்று மெதுவாகக் கேட்டார்.

“அது இருக்கட்டும்” என்றார் அப்பா.

மேடம் இறங்கிப் போனார். இப்போது அப்பாவும் இறங்க வேண்டியதுதான். இறங்கவில்லை. கையை மேலே தூக்கினார். வண்டி எடுப்பதற்கு முன்னால் எப்போதும் செய்கிற மாதிரி, நடுவில் தொங்கிய அந்தச் சட்டத்தை ரெண்டு விரலால் பிடித்து, கொஞ்சம் மேலே, கொஞ்சம் இடது பக்கம், கடைசி வரிசை தெரிகிற இடத்துக்குத் திருப்பினார். திருப்பிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதில் கண்ணாடி இல்லை என்று ரெண்டு பேருக்கும் தெரியும்.

லோகேஸ்வரி கையைத் தூக்கினாள். கூரையில் இடித்தது. இடித்தபடியே வைத்திருந்தாள்.